காந்தத்துக்கு வராத இரும்பு

தட்டைப் பார்த்ததும் நிதானம் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கிடங்கின் மூலையில், பலகை மேல், அகலமான தகரத் தட்டு. அது நிறையப் பொடி. கறுப்பு இரும்புத் தூளும் மஞ்சள் கந்தகமும் கலந்து, எங்கே தொட்டாலும் ஒரே அழுக்குப் பச்சையாகக் கிடந்தது. அதற்கு நேர் மேலே அடுக்கில் அவர் நேற்று ஏற்றி வைத்த இரண்டு மூட்டைகள். இரண்டுக்கும் வாய் திறந்திருந்தது.

"கட்டினேனே..." என்றார் தனக்குத்தானே. "கட்டினேனா?"

நிதானம் என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். எதையும் அவசரமாகச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் "நிதானமா யோசிச்சா..." என்று அவர் ஆரம்பிப்பதால் வந்தது. பாதி ஆயுளை மூட்டைக்குக் கீழே கழித்துவிட்டு, இடுப்பு முறிந்த வயதில் இந்தக் குழாய்ப் பட்டறையின் கிடங்கில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். இன்றைக்கு முதலாளி வந்து, வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்று சொல்லப்போகிறார். சேர்ந்த அன்றே அவர் சொன்னது ஒரே விதிதான்: "இரும்பு தனி, கந்தகம் தனி. உன் கையால ரெண்டும் கலந்துச்சுன்னா அன்னைக்கே நீ கிளம்பிடலாம்."

வேறு இடத்தில் இந்த இடுப்பை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

நிதானம் பக்கத்துக் கொட்டகைக்கு ஓடினார். அங்கே வெல்டராக இருப்பவன் மனைவியின் தம்பி. எட்டாவது வரைக்கும் படித்தவன். அந்த எட்டாவதை வைத்துக்கொண்டு உலகத்தையே எடை போடுகிறவன்.

"மாப்ளே, குடி முழுகிப்போச்சுடா."

மச்சான் வந்து பார்த்தான். தாடையைத் தடவினான். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நாடி பார்ப்பது போல விரலால் பொடியைத் தொட்டான்.

"பயப்படாதீங்க மாமா. இது வெறும் கலவைதான்."

"வெறும் கலவையா? எனக்கு அதுதானேடா வினையே!"

"கேளுங்க. இரும்பு ஒரு தனிமம். கந்தகம் ஒரு தனிமம். தனிமம்னா, எவ்வளவு உடைச்சாலும், எவ்வளவு காய்ச்சினாலும் அது அதுவாவேதான் இருக்கும்."

"உங்கம்மா மாதிரி."

மச்சான் அதைக் காதில் வாங்காதவன் போல மேலே போனான். "இப்ப ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடக்குது. அவ்வளவுதான். ஒண்ணோட குணம் இன்னொண்ணுக்கு ஏறலை. அதான் கலவை. பிரிச்சுடலாம். ரெண்டும் சேர்ந்து வேற பொருளாவே மாறிப்போனாத்தான் சேர்மம். அப்புறம் இரும்பு தன்னை இரும்புன்னே மறந்துடும். காந்தம் கூப்பிட்டாலும் வராது."

"நானும் உங்கக்காவும் என்னடா?"

"கல்யாணத்தப்ப கலவை. இப்ப சேர்மம். நீங்க எது, அக்கா எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பேச்சு மட்டும் அக்காவோடது."

நிதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "பிரிச்சுக் குடுடா" என்றார்.

மச்சான் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெரிய காந்தத்தைக் கழற்றி வந்தான். பொடிக்கு மேலே காட்டியதும் இரும்பு எழுந்து ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. நிதானம் உயிர் வந்தவராக மூச்சுவிட்டார். ஆனால் வந்த இரும்பு திரும்பிப் போக மறுத்தது. சுரண்டினால் காந்தத்தின் அந்தப் பக்கம் போய் ஒட்டியது. உதறினால் பாதி தட்டிலேயே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் காந்தம் கரடிக்குட்டி மாதிரி ஆகிவிட்டது.

"துணியைச் சுத்திட்டுத்தான் காட்டணும். மறந்துட்டேன்" என்றான் மச்சான்.

"எட்டாவதுல அந்தப் பக்கம் கிழிஞ்சிருந்துச்சோ?"

துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். வெயில் ஏறி, சாப்பாட்டு மணி அடித்து, அதுவும் ஓய்ந்தது. ஒரு சட்டி இரும்புதான் சேர்ந்திருந்தது. அதிலும் கந்தகம் ஒட்டி, இரும்புக்கு மஞ்சள் காமாலை வந்தது போல இருந்தது. தட்டில் இன்னும் மலையாகக் கிடந்தது.

"இந்த வேகத்துல போனா என் பேரன்தான் முடிப்பான்" என்றார் நிதானம்.

"தண்ணி ஊத்திடலாம் மாமா. இரும்பு கனம், கீழே போயிடும். கந்தகத் தூள் மேலே மிதக்கும். வடிச்சா முடிஞ்சுது."

"நிதானமா யோசிச்சா..." என்று ஆரம்பித்தார். ஆனால் அதற்குள் அவர் கையே வாளியைக் கவிழ்த்திருந்தது.

மச்சான் சொன்னது பொய்யில்லை. மஞ்சள், பாலாடை போல மேலே மிதந்தது. கறுப்பு அடியில் தங்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். மஞ்சளைத் துணியில் வடித்துக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், தட்டில் கறுப்பைக் காணோம். பழுப்பு பூத்திருந்தது.

"துரு" என்றான் மச்சான், செத்த வீட்டுக் குரலில். "ஈரமும் காத்தும் பட்டு இரும்புல பிடிச்சுக்கிச்சு. இது ஒரு சேர்மம்."

"சேர்மம் ஆகாதுன்னியேடா!"

"கந்தகத்தோட ஆகாதுன்னேன். காத்தைப் பத்தி நான் பேசவே இல்லையே."

முழுக்கத் துருவாகிப் போவதற்குள் ஈரத்தைப் போக்கியாக வேண்டும். அடுப்பு மச்சானின் கொட்டகையில் இருந்தது. இரும்புச் சட்டியில் அள்ளிப் போட்டு வறுத்தார்கள். அடியில் இன்னும் நிறையக் கந்தகம் தங்கியிருந்ததை இருவரும் யோசிக்கவில்லை. ஈரம் போயிற்று. பிறகு சட்டியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. அது ஊர்ந்தது. மச்சான் சட்டியை இறக்கிவிட்டான். இறக்கிய பிறகும் அது நிற்கவில்லை. தானாகவே தணலாகி, பொடி முழுதும் பரவியது. நீலச் சுடர் எழுந்தது. தொண்டையை அறுக்கிற புகை கொட்டகையை நிறைத்தது. பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள்.

புகை அடங்கியபோது சட்டியில் ஒரு கறுப்புக் கட்டி இருந்தது. நிதானம் காந்தத்தை அதன் மேல் வைத்து எடுத்தார். கட்டி அசையவில்லை. தட்டினார். கெஞ்சுவது போலத் தடவினார். இரும்பு தன்னை மறந்துவிட்டிருந்தது.

"இதுதான் மாமா" என்றான் மச்சான் மெதுவாக. "நான் சொன்னேனே, அந்தச் சேர்மம்."

முதலாளி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சட்டியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். உரோமம் முளைத்த காந்தத்தையும் பார்த்தார்.

"யார் பண்ண வேலை?"

"பூனைங்க" என்றான் மச்சான். "மூட்டை மேல ஒரு பூனை..."

"பூனை இல்லீங்க" என்றார் நிதானம். "நான்தான். மூட்டை வாயை ஒழுங்காக் கட்டலை. ரெண்டும் கொட்டிக் கலந்துபோச்சு. உங்களுக்குத் தெரியாம பிரிச்சுடலாம்னு பார்த்தேன். வெறும் கலவையா இருந்ததைச் சேர்மம் ஆக்கிட்டேன். என் துணிமணியை எடுத்துக்கிட்டு நான் கிளம்புறேன்."

முதலாளி மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் பட்டறையில எத்தனையோ பேர் கலந்திருக்காங்க" என்றார் கடைசியில். "பூனை, எலி, காத்து, மழைன்னு எல்லாத்து மேலயும் பழி போட்டாங்க. நான்தான் கலந்தேன்னு என் முன்னாடி நின்னு சொன்ன மனுசனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். பொடி போனாப் போகுது. நாளையிலிருந்து உனக்கு வேலை நிரந்தரம்."

நிதானத்தின் கண்கள் நிறைந்தன. கையெடுத்துக் கும்பிட்டார். மச்சானும் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டு வைத்தான்.

அப்போது, குழாய் மூட்டுகளுக்கு அடைப்பு பூசுகிற பெண், கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்று கேட்டாள்:

"அண்ணே, காலையில நான் மூட்டையைத் திறந்து, இரும்பும் கந்தகமும் அளந்து போட்டு, தோள்பட்டை கழண்டுபோற மாதிரி கலக்கி, ஒரு தட்டு பூச்சுப் பொடி இங்க வச்சிட்டுப் போனேனே, எங்க அது?"