கட்டைவிரல் அளவுக் கறை

கறை சரியாகக் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. யாருடைய கட்டைவிரல் என்று துப்பறிய ஆள் தேவையில்லை. அந்த மாடியில் பசை காய்ந்த விரலோடு திரிகிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான்.

பசை டீச்சர் கறையைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். மறுபடி கறையைப் பார்த்தார்.

"போச்சு," என்றார் காலி அறையிடம். "போச்சு, போச்சு, எல்லாம் போச்சு."

வேறு எங்காவது இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டார். மேசை, நாற்காலி, கணவரின் சட்டை, கணவர் என்று அவர் பசை விரல் படாத இடம் கிடையாது. ஆனால் இது நூல் டீச்சர் ஏழு மாதம் தறியில் உட்கார்ந்து கம்பளி நூலில் நெய்த திரை. ஒரு கதவின் உயரம், ஒரு கதவின் அகலம். கீழே கருநீலம், மேலே போகப் போக வெளுத்து, உச்சியில் விடியற்கால வானம். அதன் வலது கீழ் மூலையில், மங்கிய பழுப்பில், லேசான பளபளப்போடு, ஒரு விரல் அடையாளம்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் சனிக்கிழமைதோறும் அந்த மாடி அறையில் வகுப்பு நடத்துகிறார்கள். நூல் டீச்சர் நெசவும் தையலும் கம்பளி வேலையும் சொல்லிக்கொடுப்பார். பசை டீச்சர் துணி, காகிதம், பொத்தான், துருப்பிடித்த சாவி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் படமாக்கக் கற்றுத்தருவார். முன்னவர் ஓர் இழை பிசகினால் பத்து வரி பிரித்துவிட்டு மறுபடி நெய்கிறவர். பின்னவர் பிசகின இடத்தில் ஒரு பொத்தானை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர். இருபத்திரண்டு வருஷ சிநேகம். எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டால், இரண்டு பேருமே, "நான் பொறுத்துப் போறேன்" என்பார்கள்.

இரண்டு மாதம் முன்னால் அந்தப் பொறுமை தீர்ந்தது. நூலகச் சுவருக்காக நூல் டீச்சர் தைத்த பூவேலையின் நட்டநடுவில் பசை விரல் பதிந்துவிட்டது.

"இதோ பாருடி," என்றார் நூல் டீச்சர். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை என் வேலை மேல உன் பசைக் கை பட்டுதுன்னா, இந்த வகுப்பை நீ ஒண்டியா நடத்திக்கோ. நான் படியேற மாட்டேன்."

ஒன்பது நாள் பேச்சில்லை. அந்த ஒன்பது நாளும் பசை டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்தாம் நாள் நூல் டீச்சர் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து, "டீ போடுடி" என்றார். பசை டீச்சர் அழுதுகொண்டே டீ போட்டார். அதற்கடுத்த வாரம் அவருடைய பழைய வெள்ளைக் கோப்பை காணாமல் போனது. "பசை அப்பிக் கிடக்கற கப்பை எவடீ எடுத்திருப்பா?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கு மாணவர்களின் வேலைகளைக் காட்சிக்கு வைக்கும் நாள். ஐந்து மணிக்கு ஊர் முழுக்க வரும். காலையில் நூல் டீச்சர் திரையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்; விரிக்கும்போது ஒரு முனையைப் பசை டீச்சர் பிடித்தார்.

"மாட்டறதுக்குத் தச்சர்கிட்ட ஒரு கம்பு சொல்லி வெச்சிருக்கேன். நாலு மணிக்கு வந்துடுவேன். வந்ததும் உனக்கு ஒண்ணு காட்டணும். அதுவரைக்கும் இது பக்கமே போகாதே, என்ன?"

"நான் ஏன்டி போறேன்?"

ஒரு முனையைப் பிடித்தது தான்தானே! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பசை டீச்சருக்கு நெஞ்சோடு கட்டைவிரலும் சேர்ந்து குறுகுறுத்தது. மணி இரண்டு.

முதலில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கறை அசையவில்லை. பக்கத்துக் கம்பளி இழை நாலு எழும்பி நின்றதுதான் மிச்சம். கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்திருக்கலாம். ஆனால் போன வாரம் அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒரு மாணவியின் ஈரப் படத்தின் மேல் வைத்தார். அது படத்தோடு ஒட்டிக்கொண்டு, இப்போது காட்சியில் எட்டாம் நம்பராக இருக்கிறது.

"பசையைப் பத்தி எனக்குத் தெரியாததா?" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். "வெந்நீர் பட்டா எந்தப் பசையும் கரைஞ்சுதானே ஆகணும்."

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. மூலையை மட்டும்தான் நனைத்தார். கறை போகவில்லை, சுற்றிலும் ஒரு தண்ணீர் வளையம் வந்தது. வளையத்தைப் போக்க முழுத் திரையையும் வாளியில் முக்கினார். முக்கியதுதான் முக்கினோம் என்று சோப்புத்தூள் போட்டார். சோப்பு போட்டபின் தேய்க்காமல் விடலாமா? இருபது நிமிஷம், இடுப்பு விட்டுப்போகத் தேய்த்தார்.

பிழிந்து தூக்கியபோது திரை தடித்திருந்தது. குட்டையாகவும் இருந்தது. கதவு ஜன்னலாகியிருந்தது.

ஈரத்தோடு திரும்பியவரின் கண்ணில் கரும்பலகை பட்டது. போன வாரப் பாடம், நூல் டீச்சரின் குண்டுக் கையெழுத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிதாக:

கம்பளி + வெந்நீர் + சோப்பு + தேய்ப்பு = சுருங்கும். மறுபடி விரியாது.

அடியில் இரண்டு கோடு வேறு. அந்த வகுப்பில் பசை டீச்சரும்தான் இருந்தார், கடைசி பெஞ்சில் பொத்தான் பொறுக்கிக்கொண்டு.

கறையைத் தேடினார். தேடவே வேண்டாம். எல்லாம் சுருங்கியிருக்க, கறை மட்டும் எள்ளளவும் சுருங்காமல், பூரிப்பாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

கணவருக்குப் போன் போட்டார். அவர் பஸ் டிரைவர்; இன்றைக்கு விடுப்பு.

"என்னங்க, இஸ்திரிப் பெட்டியும் முடி காய வைக்கற மிஷினும் எடுத்துக்கிட்டு ஓடி வாங்க."

"யாருக்குத் தலை குளிப்பாட்டறே?"

"என் தலையே போகப்போகுது. வாங்கன்னா வாங்களேன்!"

பத்து நிமிஷத்தில் வந்தார். மேசை மேல் கிடந்ததைப் பார்த்தார்.

"இது என்ன, கால் துடைக்கறதா?"

"திரைங்க."

"யாரோடது?"

"அவளோடது."

டிரைவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு இன்னிக்கு டூட்டி இருக்கற மாதிரி ஞாபகம்."

"எழுந்திருங்க, சொல்றேன். அந்தப் பக்கம் பிடிங்க. இழுத்து நீட்டணும்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஸ்டியரிங் பிடித்த கைக்கு முன்னால் பொத்தான் ஒட்டுகிற கை எந்த மூலைக்கு? திரை நீண்டது, அவர் பக்கம் மட்டும். விடியற்கால வானம் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டு போனது.

"கொஞ்சம் கோணலா இருக்கு," என்றார் அவர்.

"கொஞ்சமா? நீங்க இஸ்திரி போடுங்க, நேராகும்."

அவர் இஸ்திரி போட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நூல் டீச்சர்.

"கம்பு வாங்கியாச்சுடி. வழியில நம்ம டாக்டரம்மாவைப் பார்த்தேன், அவளும் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு வர்றா." டாக்டரம்மா என்பது வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிற பல் டாக்டர், நூல் டீச்சரின் செல்ல மாணவி. "நீ திரை பக்கம் போகலையே?"

"நானா? அந்தத் திசைக்கே போகலை."

"ஏம்மா, கருகுது!" என்று அலறினார் டிரைவர்.

"என்னடி கருகுது?"

"டீ!"

"டீ எப்படிடி கருகும்?"

"அவர் போட்டா கருகும்," என்று சொல்லிப் போனை வைத்தார் பசை டீச்சர்.

வானத்தின் நடுவில் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. கட்டைவிரல் கறைக்கு வைத்தியம் பார்க்கப் போய்க் பாதம் அளவுக் கறை வந்து சேர்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதாவது பரவாயில்லை, குரங்குக்கு ஒரு முகம் இருக்கும்.

"திருட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடேன்," என்றார் டிரைவர்.

"இத்தனை படத்தையும் விட்டுட்டு இதை மட்டும் எடுத்துட்டுப் போனானாமா? எட்டாம் நம்பரை ஏன் விட்டானாம்?"

அவர் எட்டாம் நம்பரை உற்றுப் பார்த்தார். "அதை எந்தத் திருடனும் தொடமாட்டான்."

"அது என் கண்ணாடிங்க!"

இனி ஒரே வழிதான். தனக்குத் தெரிந்த ஒரே வழி. பசை டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கதவளவு அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் அந்தக் கோணல் திரையை ஒட்டினார். சுற்றிலும் விட்டுப்போன வானத்துக்குச் சாயம் தோய்த்த செய்தித்தாள். விடியலுக்கு மஞ்சள் லேஸ். கருகின இடத்தின் மேல் துருப்பிடித்த சாவிகள், பறவைக் கூட்டமாக.

"சட்டையைக் கழற்றுங்க."

"எதுக்கு?"

"கருநீலம் பத்தலை."

அவர் கழற்றிக் கொடுத்தார். கடைசியில், அத்தனைக்கும் காரணமான அந்தக் கறையின் மேல் இருப்பதிலேயே பெரிய பொத்தானாகப் பார்த்து அழுத்தி ஒட்டினார்.

நாலாக ஐந்து நிமிஷம். தள்ளி நின்று பார்த்தார். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அவளுடைய ஏழு மாதத்தைத் தன் பசைக்குள் புதைத்துவிட்டு, அது நன்றாக வேறு இருக்கிறதே என்று மளுக்கென்று அழுகை வந்தது.

"மூடி மறைக்க என்னால முடியாதுங்க. உள்ளதைச் சொல்லிடறேன்."

"நான் வேணா வெளியில நிக்கட்டுமா?"

"பனியனோட எங்கே போவீங்க? இங்கேயே நில்லுங்க."

படியில் சத்தம். நீளக் கம்பின் ஒரு முனை முதலில் வந்தது, அதன் பின்னால் நூல் டீச்சர், மறுமுனையில் டாக்டரம்மா. நூல் டீச்சர் பனியனோடு நின்ற டிரைவரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். கம்பைக் கீழே வைத்தார்.

"நான்தான்டி," என்று ஆரம்பித்தார் பசை டீச்சர். ஆரம்பித்தது நிற்கவில்லை. வெந்நீர், சோப்பு, இழுத்தது, இஸ்திரி, கருகினது டீ இல்லை என்பது வரை மூச்சுவிடாமல் கொட்டினார்.

நூல் டீச்சர் அட்டைக்கு முன்னால் குனிந்தார். கருகின இடத்தைப் பார்க்கவில்லை, கோணலைப் பார்க்கவில்லை. விரலால் தடவித் தடவி வலது கீழ் மூலைக்குப் போனார். பெரிய பொத்தானைப் பிடித்து இழுத்தார். பசை இன்னும் காயாததால் கழன்று வந்தது.

"அப்பாடா," என்றார். "இது மட்டும் அப்படியே இருக்கு."

"அதான்டி, அது மட்டும்தான் போகலை! அதுக்காகத்தான் இத்தனையும் பண்ணினேன். என்ன பண்ணியும் போகலை. நீ திட்டுடி, அடிக்கக்கூட அடி. ஆனா படியேற மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. நீ வராம இந்த ரூமுக்குள்ள நான் மட்டும் உட்கார்ந்து என்னத்தை ஒட்டப்போறேன்?"

நூல் டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. உட்கார்ந்தபடியே தன் பையை இழுத்துத் துழாவி, ஒரு பழைய வெள்ளைக் கோப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். அதன் வயிற்றில் பசை காய்ந்த ஒரு கட்டைவிரல் அடையாளம்.

"இது என் கப்பு!" என்றார் பசை டீச்சர். "அடிப்பாவி, நீதான் எடுத்தியா? எதுக்குடி?"

நூல் டீச்சர் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். கம்பின் மறுமுனையை இன்னும் கீழே வைக்காமல் நின்ற டாக்டரம்மாதான் சொன்னாள்:

"பின்னே எதைப் பார்த்துத் தைக்கறதாம்? அது கறை இல்ல டீச்சர், பட்டு நூல். 'அவ விரல் படலேன்னா அது எங்க வேலை மாதிரியே இல்ல'ன்னு சொல்லி, மூணு வாரம் உட்கார்ந்து தைச்சாங்க."