நான் தினமும் அளவெடுத்த முதலீடு

என் ஒரே அக்காவின் ஒரே மகளுக்கு, ஊசி முதல் இஸ்திரிப்பெட்டி வரை அனைத்தையும் ஆளும் உன் தையல்கார மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். மெஷின் நலம். உன் அத்தை என் மேல் கோபமாக இருப்பதால் மிக மிக நலம்.

மாமா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று திகைக்காதே. என் போன் உன் அத்தையின் சிறையில் இருக்கிறது. காரணம் நீ. போனமுறை வந்தபோது, "மாமா, மாசாமாசம் கொஞ்சமா ஃபண்டுல போடுங்க. போட்டுட்டு மறந்துடுங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு அத்தை காஜா எடுக்காம காலை நீட்டி உக்காரலாம்" என்று சொன்னது நீதானே? உன் அத்தை சட்டைப் பொத்தான் துளைகளுக்கு எடுத்த காஜாக்களை வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். இப்போதெல்லாம் காலையில் அவள் விரல்கள் மடங்குவதில்லை. அதனால்தான் சரி என்றேன், பேராசையால் அல்ல. பேராசை மறுநாள்தான் வந்தது.

நீ மறக்கச் சொன்னாய். மறந்தேன். டெலிவரி தேதியை மறந்தேன், சாப்பாட்டை மறந்தேன், ஒரு சட்டைக்குக் கை வைக்கவே மறந்தேன். அந்த ஃபண்டை மட்டும் மறக்க முடியவில்லை. அளவெடுத்தே பழகிய கை, மருமகளே. கடை திறந்ததும் போனில் ஒரு அளவு, காலர் தைத்ததும் ஒரு அளவு, பாபினில் நூல் மாற்றும்போது ஒரு அளவு. ஏறினால் வந்தவருக்கெல்லாம் டீ வாங்கித் தருவேன், இறங்கினால் அவர்கள் குடித்த டீயை நினைத்து வருந்துவேன். போன வாரம் மார்க்கெட் விழுந்தது பார், எந்தப் பேரரசும் அப்படி விழுந்ததில்லை. ஒரு கண்ணு போன்ல, ஒரு கண்ணு துணியில, கையில கத்தரிக்கோல். நம்ம மருந்துக்கடைக்காரரோட பேண்ட் முழங்காலோட முடிஞ்சுபோச்சு. அவர் போட்டுப் பாத்துட்டு கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். "மாஸ்டர், மீதி எப்ப வரும்?"னு அமைதியா கேட்டார். நான் போன்லேருந்து கண்ணை எடுக்காம, "பொறுமையா இருங்க, போகப்போக வளரும்"னேன். அந்த நிமிஷமே உன் அத்தை போனைப் பிடுங்கி மேசை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டா. "பாதி தைச்ச சட்டையைப் பிரிச்சுப் பிரிச்சு அளந்துக்கிட்டிருந்தா அது என்னைக்குச் சட்டையாகும்?"னா. "நான் அளந்தது சட்டையை இல்ல, உன் விரலுக்கு வரப்போற ஓய்வை"ன்னேன். அவ திரும்பி உக்காந்து காஜா எடுக்க ஆரம்பிச்சா. எனக்கு மனசு கேக்கல.

ஆகவே, இக்கடிதம் கண்டவுடன் மாதத் தவணையை நிறுத்தவும். போட்டதையெல்லாம் எடுத்து அனுப்பவும். அதை எடுக்கும் வழி உனக்குத்தான் தெரியும். மருந்துக்கடைக்காரரின் மானம் காக்க நான் துணி வாங்கவேண்டும்.

நூல் அறாமல், ஊசி முறியாமல், நீயும் உன் வீட்டாரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கத்தரிக்கோல் துருப்பிடித்தாலும் உன் மேல் பாசம் துருப்பிடிக்காத,
மாமா

பி.கு.: மேலே சொன்ன எதையும் செய்யாதே. உறையை ஒட்டுவதற்குள் மருந்துக்கடைக்காரர் வந்துவிட்டார், அதே அரைப் பேண்ட்டில். காத்து நல்லா வருதாம், அதே அளவுல இன்னும் ரெண்டு வேணுமாம். அந்தக் கூலியையும் தவணையோட சேத்துடச் சொல்றா உன் அத்தை. "உங்களையே இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டேன், இந்தப் பதினஞ்சு வருஷம் பொறுக்க மாட்டேனா?"ங்கறா. போனையும் கொடுத்துட்டா. இனிமே ஃபண்டைத் திறந்து பாக்கவே மாட்டேன்னு அவ கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். இந்த நிமிஷம் ஒரு சட்டைப் பொத்தான் வாங்குற அளவுக்கு ஏறியிருக்கு.