மலைக்குப் போன கள்ளக்குறிச்சிக் காற்று

கூச்ச சுபாவம் உள்ளவன் வாழ்நாளில் இரண்டு மூன்று தடவைதான் பந்தா பண்ணுவான். பழக்கம் இல்லாததால் அதையும் உருப்படியாகப் பண்ண மாட்டான். நான் பண்ணியது ஒரு ஆயுத பூஜை அன்று.

கள்ளக்குறிச்சியில் பொக்லைன் வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருக்கிறேன். படிப்பு பத்தாவது. (பாஸ்தான், சந்தேகம் வேண்டாம்.) மனிதர்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. இஞ்சின் இருமினால் மட்டும் எங்கே வலிக்கிறது என்று புரிந்துவிடும். என் மனைவியின் தம்பி சேகர் அப்போதுதான் புது பொக்லைன் ஒன்று எடுத்திருந்தான். பூஜைக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "மாமா, நீங்களே பொட்டு வைங்க" என்றான்.

மற்றவர்களாக இருந்தால் வண்டியின் முகப்பிலும் பக்கெட்டிலும் வைத்துவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போயிருப்பார்கள். நான் இஞ்சின் மூடியைத் திறந்தேன். "இது சூடு பாக்குற சென்சாரு" என்று ஒரு பொட்டு. "இது ஆயில் அழுத்தம் பாக்கும்" என்று இன்னொரு பொட்டு. நான் இத்தனை வார்த்தை பேசி என் மாமியார் கேட்டதே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அந்த உற்சாகத்தில், ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருந்த சின்னக் கறுப்பு சென்சாரைக் காட்டி, "இது வெளிக்காத்து எவ்ளோ அழுத்தமா கீதுன்னு பாக்கும். அதப் பாத்துதான் இஞ்சினு டீசல் ஊத்தும். வண்டிக்கு மூக்கு மாதிரி" என்றேன். மூக்கு என்று சொன்ன பிறகு சும்மா விட முடியுமா? எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். சேகர் செல்போனில் எல்லாவற்றையும் வீடியோப் படம் பிடித்தான்.

நாலைந்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகும் பாதையில் மண் சரிந்தது. அதை அள்ளுவதுதான் சேகரின் வண்டிக்கு முதல் வேலை. டிரெய்லரில் ஏற்றிப்போய் இறக்கினார்கள். பக்கெட்டை மண்ணில் வைத்ததுமே வண்டி கரும்புகை தள்ளி மூச்சு வாங்கியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

"கம்பெனி ஆளக் கூப்புடட்டுமா மாமா?" என்று சேகர் போனில் கேட்டான்.

"எதுக்கு? நான் வரேன்" என்றேன். (இது இரண்டாவது பந்தா.)

நான் போய்ச் சேர்ந்தபோது ரோடு காண்ட்ராக்டர் குடை பிடித்து நின்றிருந்தார். "மூணு மணிக்குள்ள மண்ணு அசையணும். இல்லாங்காட்டி சங்கராபுரத்துலேர்ந்து வேற வண்டி வந்துரும். அப்பறம் இந்த வண்டிய நான் எதுக்கும் கூப்புட மாட்டேன்" என்றார். சேகர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

மேலே போக முடியாமல் ஒரு பஸ்ஸும் நின்றிருந்தது. அதிலிருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அறிவே என்னைவிட்டு ஓடிவிட ஒரு பஸ் கூட்டம் போதும்.

கோளாறு எங்கே என்று காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டினேன். இரண்டு காற்றழுத்த சென்சார்கள் ஒத்துப்போகவில்லை என்றது. ஒன்று, அந்த வெளிக்காற்று சென்சார். இன்னொன்று, இஞ்சினுக்குள் போகும் காற்றுக் குழாயில் இருப்பது. இஞ்சின் நிற்கும்போது இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். வெளி சென்சார் நூறு காட்டியது. குழாய் சென்சார் தொண்ணூற்றொன்று காட்டியது. இருபது வருடமாக என் ஷெட்டில் நான் பார்க்கும் எண் நூறுதான். ஆகவே தொண்ணூற்றொன்றுதான் திருடன் என்று தீர்ப்பு எழுதினேன்.

கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினேன். தொண்ணூற்றொன்று. "புதுசே டம்மி" என்றேன். கையில் இருந்த இன்னொரு புதுசையும் மாட்டினேன். அதுவும் தொண்ணூற்றொன்று. மூன்று பேரும் கூட்டுச் சதி செய்வதாகவே நினைத்தேன். ஒயரைச் சந்தேகப்பட்டு ஒரு முழத்துக்கு உரித்தேன்.

"இன்னா மெக்கானிக்கு, கொண்டாந்ததெல்லாம் மாட்டிப் பாத்துக்கினு கீற?" என்றார் பஸ் கண்டக்டர். "எங்க பஸ்ஸுக்கும் ஒண்ணு மாட்டேன். சும்மாதான் நிக்குது."

கூட்டம் சிரித்தது. காண்ட்ராக்டர் போனை எடுத்துக் காதில் வைத்தார். மணி இரண்டரை.

அப்போது ஒரு அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதது. "மலைக்கு வந்தா காது அப்டித்தான் அடைக்கும் கண்ணு. இங்க காத்து கம்மி. எச்சில முழுங்கு, வுட்டுடும்" என்றாள் அந்த அம்மா.

என் கை நின்றது. எனக்கும் காலையிலிருந்து காது அடைத்திருந்தது. எல்லோரிடமும் "ஆங்?" "ஆங்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே காற்று கம்மி என்றால் தொண்ணூற்றொன்றுதானே சரி? நான் கழற்றிப்போட்ட பழசும் சரி, டம்மி என்ற புதுசுகளும் சரி, மூன்றும் யோக்கியர்கள். நூறு என்று சொன்ன வெளி சென்சார்தான் இன்னும் கள்ளக்குறிச்சியிலேயே உட்கார்ந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். காற்று போகிற சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டு, சுவர்ப் பூச்சு மாதிரி காய்ந்திருந்தது என் சந்தனம். மேலே குங்குமம் மங்களகரமாக இருந்தது. உள்ளே கள்ளக்குறிச்சிக் காற்று சிறைப்பட்டிருந்தது. அதை நம்பி இஞ்சின் டீசலைக் கூடுதலாக ஊற்றியதில்தான் அத்தனை கரும்புகை.

யாருக்கும் தெரியாமல் நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. "ஊக்கு இருக்குமாங்க?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். வளையலிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஊக்கின் முனை உள்ளே போய் வெளியே வந்ததும் ஸ்கேனரில் நூறு சரிந்து தொண்ணூற்றொன்றானது.

சேகர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "இன்னா மாமா அது, மஞ்சளா?"

"தூசு."

குனிந்து மோந்து பார்த்தான். "தூசு சந்தன வாசன அடிக்குது மாமா."

அவனுக்குப் பூஜை ஞாபகம் வந்துவிட்டது. செல்போனை எடுத்து அந்தப் படத்தை ஓடவிட்டான். "வண்டிக்கு மூக்கு மாதிரி" என்ற என் கம்பீரமான குரல் மலையெல்லாம் கேட்டது. கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்ததில் டிக்கெட் கட்டு சேற்றில் விழுந்தது.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முதல் பக்கெட் மண் நகர்ந்தது. காண்ட்ராக்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அந்த மழைக்காலம் முழுவதும் மலையில் சரிந்த மண்ணை எல்லாம் சேகரின் வண்டிதான் அள்ளியது. எனக்கும் லாபம்தான். இப்போது மலையிலிருந்து எந்த வண்டிக்கு அழைப்பு வந்தாலும், அங்கே எந்த எண் வர வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தப் பக்கம் என்னைவிட நன்றாக யாருக்கும் அது தெரியாது.

வீட்டில் மட்டும் அந்தப் பெருமை எடுபடவில்லை. போன வருடம் என் பெண்ணின் நிச்சயதார்த்தத்தில், வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க என்னை வாசலில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அப்பா வந்ததும் கிண்ணத்தை நீட்டினேன். உள்ளே இருந்து சேகர் கத்தினான்: "சம்மந்தி, மூக்க மூடிக்கினு வாங்க!"

அவர் காரணம் கேட்டார். மண்டபமே அந்தப் பூஜைப் படத்தைப் பார்த்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் சம்பந்தி வீட்டில் யாருக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்தாலும், முதல் போன் டாக்டருக்கு அல்ல, எனக்குத்தான் வருகிறது.