எண்ணெய் கேட்காத கார்

"நீ அளக்கறதுனாலதாண்டா கொறையுது!" என்று சொல்லி, காளியப்பனின் கையிலிருந்த அளவுக்கம்பியைச் செங்கோடக் கவுண்டர் பிடுங்கிக்கொண்டார்.

புதுச்சத்திரத்தில் கார் வைத்திருந்தவர் கவுண்டர் ஒருவர்தான். அதை ஓட்டத் தெரிந்தவன் காளியப்பன் ஒருவன்தான். பதினோரு வருஷமாக அவன் காலையில் செய்யும் முதல் வேலை, எஞ்சினுக்குள் செருகியிருக்கும் கம்பியை உருவி, வேட்டி முனையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் எதுவரைக்கும் நனைத்திருக்கிறது என்று பார்ப்பது. பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சுதான் கவுண்டருக்கு ஆகவில்லை.

"பால் கறக்கையில எட்டிப் பாத்தா மாடு மடி வத்திப்போகுது. களத்துல நெல்லு அளக்கறப்பக்கூட ஒண்ணுன்னு எண்ணாம 'லாபம்'னுதான சொல்றோம்? நீ தெனமும் அளந்துபோட்டு, கொறஞ்சுபோச்சு கொறஞ்சுபோச்சுன்னா எந்த வண்டிடா தாங்கும்?"

"அம்மிணிக்கு வயசாயிருச்சுங்க சாமி. கொஞ்சம் குடிக்கத்தானுங்க செய்யும்." காரை அவன் அம்மிணி என்றுதான் சொல்வான்.

"குடிக்கட்டும். அதை யாரும் அளந்து பாக்க வேண்டாம்."

கம்பி சாமியறைக்குப் போய் விபூதி மடலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. கம்பி இருந்த துளையைக் கவுண்டர் தம் கையாலேயே ஒரு தக்கை வைத்து அடைத்தார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு அந்த உரிமை இல்லை. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியை ஒளித்துவைத்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று மூன்று நாள் நம்பிக் கிடந்தவன் நான்.

கவுண்டருக்கு இந்த வேகம் வரக் காரணம், முந்தின நாள் வந்துபோன அவருடைய மைத்துனர் கருப்பண்ணன். ஆத்தூரில் அரிசி மில் வைத்திருந்தார். மில் எஞ்சின் படுத்துவிட்டதால், கண்ணில் படுகிற எஞ்சினையெல்லாம் பெண் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலம் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடைய மூடி ஒரு வருசம் ஆகப்போகுது மச்சான். ஒங்க கார் ஒண்ணுதான் இன்னும் குடிக்குது. எனக்குக் குடுத்துடுங்க. இஞ்சினை மில்லுல மாட்டிக்கறேன். மேல்கூட்டுல கோழி அடைச்சுக்கலாம்."

கோழி என்ற சொல் கவுண்டரைக் குத்திவிட்டது.

"ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நாப்பது நாள் இருக்குது. அதுக்குள்ள காளியப்பன் எங்கிட்ட வந்து எண்ணெய் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டான்னா, வண்டிய நீயே இழுத்துக்கிட்டுப் போ, மாப்ள!"

சொன்னது பத்துப் பேர் முன்னால். கவுண்டர் வாயிலிருந்து விழுந்த சொல்லைக் கவுண்டராலேயே பொறுக்கி எடுக்க முடியாது.

ஆகவே காளியப்பன் எண்ணெய் கேட்கக் கூடாது. கேட்டால் அம்மிணி கோழிக்கூடு. அப்புறம் ஸ்டீரிங் பிடித்துக் காய்த்த கைக்கு வேறு வேலையும் தெரியாது. ஆனால் எண்ணெய் இல்லாமல் ஓடினால் எஞ்சின் உருகி இறுகிவிடும். கம்பியும் இல்லை, எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க.

கேட்காமல் ஊற்றுவது என்று முடிவு செய்தான்.

கவுண்டர் வாரத்தில் நான்கு நாள் நெய் மண்டிக்காக ராசிபுரம் போவார். அவர் மண்டிக்குள் நுழைந்ததும் காளியப்பன் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடுவான். அங்கே டிரைவர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிப்போடும் பழைய எண்ணெயைத் தன் தூக்குப்போசியில் வாங்கி வந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு உழக்கு ஊற்றினான்.

போசியை மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனான். ஆனாலும் நாலாம் நாள் அவன் மனைவி ராசாத்தி மூக்கைச் சுளித்தாள்.

"ஏனுங்க, கம்மஞ்சோறு கொண்டுபோற போசியில என்னத்தப் போட்டுக் கொண்டாந்தீங்க? சோறு கருப்பா இருக்குது!"

"கம்பு கருப்பாத்தான் இருக்கும்."

"மினுமினுன்னு இருக்குமாக்கும்?"

காளியப்பன் உண்மையைச் சொல்லிவிட்டான். ராசாத்தி போசியைத் தள்ளிவைத்தாள்.

"அந்த அம்மிணிக்குன்னா மட்டும் உருகறீங்க," என்றாள். அப்புறம் எழுந்து போய், வீட்டில் ஆட்டி வைத்திருந்த விளக்கெண்ணெய்ச் சொப்பைக் கொண்டுவந்து வைத்தாள். "அழுக்கெண்ணெய் வேண்டாம். இத ஊத்துங்க. நம்ம ஊட்டுச் சோறே அந்த வண்டியிலதான ஓடுது."

மறுநாள் விளக்கெண்ணெயும் உள்ளே போயிற்று. அன்றைக்குப் புதுச்சத்திரத்துத் தெருவில் கார் விட்டுப்போன புகையில் அந்த வாசம் கமகமவென்று எழுந்தது. மாதம் ஒருமுறை அதைக் குடித்துப் பழகிய பிள்ளைகள், கார் சத்தம் கேட்டாலே வாயை இறுக மூடிக்கொண்டு வைக்கோற்போருக்குள் ஒளிந்தன.

புகை நாளுக்கு நாள் கூடியது. முதலில் நூலாக வந்தது, பிறகு கயிறாகி, அப்புறம் கோயில் யானையின் பின்பக்கம்போல அகலமாக ஒரு நீல மூட்டமாகிவிட்டது. எஞ்சின் இருமத் தொடங்கியது.

காளியப்பன் கணக்குப் போட்டான். புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எரிந்தால் குறைகிறது. குறைந்தால் ஊற்ற வேண்டும். ஊற்றினான். புகை இன்னும் கூடியது. அப்படியானால் இன்னும் குறைகிறது! இன்னும் ஊற்றினான்.

ராசிபுரத்துத் தறிக்காரர் தெருவில்தான் மானம் போயிற்று. காலை வெயிலில் தெரு நீளத்துக்கும் வெள்ளைப் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அம்மிணி அந்தப் பக்கமாக ஒருமுறை இருமிவிட்டுப் போனாள். பாவில் கரும்புள்ளிகள் பொரிந்து விழுந்தன.

"யோவ் டிரைவரு! பட்டுக்குச் சாயம் போட எங்களுக்குத் தெரியும். நீ வந்து போட வேண்டாம்!" என்று தறிக்காரர் ஒருவர் காரின் பின்னாலேயே ஓடி வந்தார்.

காளியப்பன் பயந்துகொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தான். கவுண்டர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, "காத்து இந்தப் பக்கம் அடிக்குது, வேறொண்ணுமில்ல. நீ ஓட்டு," என்றார். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். தன்னை இவ்வளவு நம்புகிற மனிதரிடம் மறைத்து ஊற்றுகிறோமே என்று கூசினான். கூசிக்கொண்டே அன்றைக்கு இரண்டு உழக்கு ஊற்றினான்.

ஆடிப் பதினெட்டு வந்தது. விடிந்து வெயில் ஏறியதும் கருப்பண்ணன் வந்துவிட்டார். கூடவே சேலத்துக் கார் மெக்கானிக் ரஹமத்துல்லா பாய்.

"எண்ணெய் கேக்கலதான் மச்சான், ஒத்துக்கறேன்," என்றார் கருப்பண்ணன். "ஆனா ஆத்தூர் வரைக்கும் இந்தப் புகையைப் பத்திப் பேசறாங்க. உள்ள ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது, காஞ்சு கருகிக்கிட்டு இருக்கு. பாய் தொறந்து பாக்கட்டும். காலியா இருந்தா இஞ்சினு எனக்கு. அளவா இருந்தா நான் பேசாம போயிடறேன்."

கவுண்டர் மீசையைத் தடவினார். "தொறங்க பாய்."

காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். விடிகாலையில் ஊற்றிய கடைசி உழக்காவது அடியில் இருக்க வேண்டுமே, அம்மா!

பாய் காருக்கு அடியில் படுத்து, ஒரு சட்டியை வைத்து, திருகாணியைக் கழற்றினார். எண்ணெய் கொட்டியது. சட்டி நிறைந்தது.

"இன்னொரு சட்டி," என்றார் பாய்.

அதுவும் நிறைந்தது.

"இன்னொண்ணு குடுங்க, சீக்கிரம்!"

மூன்றாவது சட்டியும் தளும்பியது. பாய் எண்ணெய் சொட்டும் தாடியோடு வெளியே வந்தார். சிரித்துக்கொண்டே தாடியைப் பிழிந்தார்.

"இது காருங்களா, செக்குங்களா? இந்த இஞ்சினுக்கு ஒன்றரைச் சட்டிதான் அளவு. தலைக்கு மேல எண்ணெயில முங்கி மூச்சு முட்டித்தான் அது இருமுது, புகையுது! நோவே கெடையாது. வயசான வண்டி, மாசம் ஒரு டின்னு குடிக்கும், நீங்க நான் வெத்தல போடற மாதிரி. அளவா ஊத்துனா இன்னும் பத்து வருசம் ஓடும்."

கருப்பண்ணன் முகம் கறுத்தது. "கேக்காத எண்ணெய் எப்படி மச்சான் உள்ள போச்சு? ஊத்துனது யாரு?"

எல்லோரும் காளியப்பனைப் பார்த்தார்கள். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கவுண்டர் முன்னால் வந்து நின்றான்.

"நான்தானுங்க சாமி. உங்க சொல்லும் கெடக் கூடாது, அம்மிணியும் சாகக் கூடாதுன்னு ஊத்துனேனுங்க. உங்ககிட்ட மறைச்சது தப்புங்க."

"கேட்டீங்களா!" என்று குதித்தார் கருப்பண்ணன். "எசமானுக்குத் தெரியாம வண்டியத் தொறந்து கண்டதை ஊத்தியிருக்கான். இவனை இனியும் வச்சிருப்பீங்களா? வண்டி உங்களுக்கே இருக்கட்டும். இவனை இப்பவே நிறுத்துங்க!"

காளியப்பன் தலைகுனிந்தான். சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். கவுண்டர் வாங்கவில்லை. இருமினார். வானத்தைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது.

பாய் சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ எவ்வளவு ஊத்துன?"

"ஒண்ணுவிட்டு ஒரு நாளு ஒரு உழக்குங்க பாய். ரெண்டொரு நாளு ரெண்டு உழக்கு."

"வண்டி எரிச்சது போக, அதுல கூடுதலா அரைச் சட்டிகூடத் தேறாதே தம்பி. மிச்ச எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு?"

வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஆராயி விளக்குமாற்றை நிறுத்தி, சட்டியையும் கவுண்டரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க பெரிய சாமி, அப்ப நீங்க வெள்ளிக்கு வெள்ளி வெடியங்காட்டியும் குளிச்சுப்போட்டு வந்து சொம்பு சொம்பா ஊத்துனதும் எண்ணெய்தானுங்களா? நானு காருக்கு அபிசேகம் பண்றீங்கன்னு எட்ட நின்னு கும்புட்டுட்டுல்லங்க போனேன்!"