ரொட்டி கூப்பிட்ட பெரட்டு

பல்வலியோடு கிளினிக் வரிசையில் நிற்பவனைச் சிரிக்க வைத்து, அவனிடமே அடியும் வாங்கிய கலைஞன் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவன்தான். எங்கள் லயத்து, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளின், ரொட்டி. எந்த வீட்டில் ரொட்டி சுட்டாலும் வாசலில் வந்து நிற்பான் என்பதால் வந்த பெயர். பெற்ற தாய்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மேடையில் தனியாக மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைப்பதைக் கொழும்பில் ஸ்டாண்ட்-அப் என்கிறார்கள். ரொட்டி அதைக் கிளினிக் வரிசையில் மைக் இல்லாமலே தொடங்கினான். அவனுக்கு வியாதி ஒன்றும் கிடையாது.

"நல்லா இருக்கிறவன எவனும் சிரிக்க வைப்பான்டா. வலியில நிக்கிறவன் சிரிச்சாத்தான் அது ஜோக்கு."

நோயாளி கிடைக்காத நாளில் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவன். பிரேக் பிடிக்குமா, மண் சரியுமா என்று பசறை ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் செத்துப் பிழைப்பவன். ரொட்டி வளைவு வரும்வரை காத்திருந்து, பின்சீட்டிலிருந்து ஒரு ஜோக்கை எடுத்துவிடுவான்.

"டேய், இப்பப் பேசாத. பஸ் வருது!"

"பஸ்ஸுக்கும் சேத்துத்தான் சொல்றேன், கேளு."

ஒருநாள் பதுளையில் ஒரு புடவைக் கடைத் திறப்புவிழாவில் மைக் கிடைத்தது. கடை முதலாளியான முஸ்லிம் நானா சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். யாரோ அதை போனில் பிடித்துப் போட்டுவிட, கொழும்பிலிருந்து டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

அங்கேதான் வினை. அவர்களுக்கு வேண்டியது ஒரு தோட்டத்துப் பொம்பளை வேஷம். ரொட்டிக்குச் சேலை கட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, முதுகில் கொழுந்துக் கூடையையும் மாட்டினார்கள். அவனுக்குத் தெரிந்த பொம்பளை நடை ஒன்றுதான், அவன் அம்மா செல்லம்மா அத்தையின் நடை. மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அத்தைக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். அதை அப்படியே இழுத்து நடந்தான். ஸ்டூடியோ குலுங்கியது. எங்கள் லயத்தில் டிவியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

"எங்கிட்ட இருந்தது ஒரு நடை. அதையும் ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டான்."

அன்றிலிருந்து மகனோடு பேச்சில்லை. அவன் வந்தால் நாயிடம்தான் பேசுவார்.

"மணி, சோறு இருக்குன்னு சொல்லு. கொழும்புலயே தின்னுட்டு வந்திருந்தா ஒனக்குப் போட்டுர்றேன்னும் சொல்லு."

"மணி, கொஞ்சம் சம்பலும் கேட்டு வாங்கு" என்பான் ரொட்டி. மணி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் களைத்துப்போகும். புதுப்புது ஜோக்குகளோடு வந்தான். நாய் வாலையாவது ஆட்டியது. அத்தையின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

டிவிக்காரர்கள் மறுபடி அதே வேஷத்துக்குக் கூப்பிட்டபோது அவன் போகவில்லை.

"வேற ஆளப் போட்ருவாங்கடா" என்று பதறினேன்.

"போடட்டும். எங்கம்மாவே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கு, ஊரைச் சிரிக்க வச்சு என்ன செய்ய?"

பிறகு ஒரு சினிமாவில் சின்ன வேடம் வந்தது. கங்காணி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தோட்டத்தில் பேர் கூப்பிட்டதும் குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. தூக்கத்தில் கூப்பிட்டாலும் பதில் வந்துவிடும். டைரக்டர் சொல்லிக்கொடுத்த பேர்களெல்லாம் கேமரா முன்னால் மறந்துபோக, ரொட்டி எங்கள் லயத்து ஆட்களையே வரிசையாகக் கூப்பிட்டு வைத்தான்.

படம் பதுளைக்கு வந்தது. பகல் காட்சிக்கு லயமே இறங்கியது. "மாரியாயி தனியாப் போறா, தொணைக்குத்தான் வாரேன்" என்று அத்தையும் வந்தார். ரொட்டி பின்வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அத்தை பாதியில் எழுந்து போய்விடுவாரோ என்று நான் திரையை விட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் பனி. தொப்பி போட்ட ரொட்டி.

"மாரியாயி!"

"இருக்கேங்க!" முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. டவுன் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தோணி!"

அந்தோணி அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒக்காருங்க தம்பி, படம் மறைக்குது!" என்றார் பின்னாலிருந்த ஒரு நானா.

"கங்காணி பேர் போட்டதும் ஒக்கார்றேங்க."

"செல்லம்மா!"

பதில் இல்லை. திரையில் ரொட்டி தலையைத் தூக்கிப் பார்த்தான். "செல்லம்மா!" மறுபடியும் இல்லை. பக்கத்திலிருந்த ரொட்டியின் நகம் என் கையில் இறங்கியது. திரையில் அவன் மெல்லத் தொப்பியைக் கழற்றினான். டைரக்டர் சொல்லிக் கொடுக்காதது அது.

"செல்லம்மா... வந்துருங்க."

"வந்து எவ்வளவு நேரமாச்சு! கண்ணு தெரியலையாடா ஒனக்கு?"

தியேட்டர் கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ரொட்டி மட்டும் சிரிக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது இரண்டு பேரும் என் ஆட்டோவில் ஏறினார்கள். பதுளை டவுன் தாண்டுவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"என்னடா இப்படி எளச்சிருக்க? தொப்பியாடா அது, சட்டியக் கவுத்த மாதிரி? எந்தக் கங்காணி 'வந்துருங்க'ன்னு கூப்பிடுறான்? தலைக்கு எண்ணெய் வச்சியா?"

விட்டுப்போன திட்டெல்லாம் மொத்தமாக விழுந்தது. ஊரையே வாயால் கட்டிப்போட்டவன், மழையில் நனைகிற மாடு மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. நான் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டேன். பிறகு, வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று, இன்னும் மெதுவாக ஓட்டினேன்.