துணைத் தலைவரின் விருந்தாளி

"இங்கேயே நிக்கிறேன் மச்சான். உள்ள வேணாம்."

சன்னாசி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். தர்மேந்திரனுக்குச் சுருக்கென்றது. உள்ளே மனைவி புஷ்பலதா நண்டுக்கறி வைத்து, புதுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட முதன்முறையாகக் கழற்றியிருந்தாள். கோப்பெங் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் அவரோடு வளர்ந்தவன். சிங்கப்பூருக்குப் போனதும் ஈப்போ வீடு சின்னதாகத் தெரிகிறது போல.

சன்னாசி போனிலேயே ஏதோ சொல்ல வந்தான். "நேர்ல பேசிக்கலாம்லா" என்று தடுத்து, மாலைக்கான நிகழ்ச்சி நிரலை வாசித்தவர் தர்மேந்திரன்தான். கோயில் நிர்வாகத்தில் துணைத் தலைவரான பிறகு அவர் பல் விளக்குவதற்கும் நிகழ்ச்சி நிரல் உண்டு.

"தங்கச்சி எங்க?" என்று சன்னாசியின் மனைவியைக் கேட்டவர் பதிலையும் அவரே சொன்னார். "சித்தியவான்ல அவங்க ஊர்லயே விட்டுட்டு வந்துட்டியா? அம்மா வீட்டுக்குப் போனா லேசுல கிளம்புவாங்களா?"

சன்னாசி வாயைத் திறந்தான். அதற்குள் தர்மேந்திரன் கார் கதவைத் திறந்துவிட்டார்.

வீடு ஆகாதென்றால் உணவகம். முதலாளி ஓடி வந்து "வாங்க தலைவரே" என்றார். 'துணை'யைச் சேர்த்துத் திருத்த தர்மேந்திரனுக்கு மனம் வரவில்லை. மீன்தலைக் கறி, மட்டன் வறுவல், இறால் சம்பல் என்று யாரையும் கேட்காமல் வரவழைத்தார். சன்னாசி வெறும் சோறும் தயிரும் போட்டுக்கொண்டான்.

"என்னலா, பேருக்கேத்த மாதிரி சாமியார் ஆயிட்டியா?"

பக்கத்து மேசை சிரித்தது.

"இல்ல மச்சான், அது வந்து..."

கைப்பேசி அடித்தது. தர்மேந்திரன் எழுந்து நின்று, திருவிழாப் பந்தலைப் பற்றி உணவகம் முழுக்கக் கேட்கும்படி உத்தரவு போட்டார். திரும்பி வந்தபோது சன்னாசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இலையில் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

இனி கோயில்தான் கதி. அங்கே புதுச் சலவைக்கல்லில் தர்மேந்திரனின் பெயர் தங்க எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. ஊரார் பார்த்தால் அது கல். தன்னோடு ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தவன் பார்த்தால்தான் அது பெயர். இதைக்கூட அவர் சன்னாசியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நீ போய்ட்டு வா மச்சான். நான் வெளிய இருக்கேன்."

"சாமி கும்பிடுறதுக்கும் சிங்கப்பூர்ல தடை போட்டுட்டாங்களா?"

சன்னாசி வாசலில் இருந்த பூக்கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டான். தர்மேந்திரன் விறுவிறுவென்று உள்ளே போய்க் கல்லுக்கு முன்னால் நின்றார். தன் பெயரைத் தானே ஒருமுறை படித்தார். எழுத்துப் பிழையில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெளியே வந்தால் சன்னாசியைக் காணோம். கிராப் டாக்சி பிடித்து பஸ் நிலையத்துக்குப் போய்விட்டதாகப் பூக்காரி பாப்பா சொன்னாள். துணைத் தலைவர் அழக் கூடாது என்பதால் தர்மேந்திரன் சத்தம் போட்டார். வீடு ஆகவில்லை, சாப்பாடு ஆகவில்லை, சாமிகூட ஆகவில்லை, அவ்வளவு பணத்திமிர் என்றார்.

பாப்பா சரம் தொடுப்பதை நிறுத்தவில்லை.

"சம்சாரம் போன வாரம் தவறிட்டாங்களாம்ணே. ஏன் உள்ள போகலன்னு கேட்டேன், சொன்னாரு."