வாய்க்கால் கரையில் ஓட்டிய டாங்கி

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெயில் முப்பத்தாறு டிகிரி. காற்று இல்லை. மேற்கே கொஞ்சம் மேகம் இருந்தது, மழைக்கு உதவாத மேகம். அந்த நேரத்தில், தஞ்சாவூர் புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் குளிரூட்டிய அறைக்குள், நான் ஒரு ராணுவ டாங்கியை வாய்க்காலில் கவிழ்த்தேன்.

நிஜ டாங்கி இல்லை. ஓட்டப் பழகுவதற்காகச் செய்த சிமுலேட்டர். வாய்க்காலும் நிஜமில்லை. என் கணுக்கால் எலும்பு மட்டும் நிஜம்.

நான் ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் நிலத்தை அளந்தவன். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வியாதி அங்கே தொற்றியதுதான். (மகள் வீட்டுச் சாம்பாரில் எனக்கு விழும் முருங்கைக்காய்த் துண்டு சராசரி மூன்று.) மனைவி போன பிறகு ஆறு வருடமாக மகள் மலர்விழியோடு தஞ்சாவூரில் இருந்தேன். மருமகன் வங்கியில் வேலை. பேத்தி யாழினிக்கு அப்போது எட்டு வயது.

மலர் வேலை பார்த்த கம்பெனி ராணுவத்துக்குப் பயிற்சிக் கருவிகள் செய்கிறது. ஓர் இரும்புக் கூண்டு, உள்ளே டாங்கி டிரைவரின் இருக்கை, எதிரே வளைந்த திரை. கூண்டை ஆறு இரும்புக் கால்கள் தாங்கும். திரையில் மேடு வந்தால் முன்னங்கால்கள் நீளும், பள்ளம் வந்தால் சுருங்கும். பாலைவன மணலில் பழகிய டிரைவர்களுக்குச் சேற்று நிலத்தில் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கருவியை மலரும் அவளுக்குக் கீழே பத்துப் பேரும் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அன்று ராணுவ அதிகாரிகள் வந்து பார்த்துச் சரி என்றால் தஞ்சாவூர் ஆபீஸ் இருக்கும். இல்லையென்றால் ஆபீஸை மூடிவிட்டு எல்லோரும் ஹைதராபாத் தலைமையகத்துக்குப் போக வேண்டும். மலர் போனால் மருமகனும் மாற்றல் கேட்பார், பேத்தியும் போவாள். இதைத் தெரிந்துகொண்டுதான் அந்த அறைக்குள் போனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கருவி செய்தவர்களுக்கு நிஜச் சேற்றின் அளவு தேவைப்பட்டது. பாபநாசத்துக்குத் தெற்கே எனக்கு மூன்று ஏக்கர் பதினேழு சென்ட் இருக்கிறது. அதில் இரும்புக் கம்பியை ஊன்றி, தண்ணீர் கட்டிய மூன்றாம் நாள் எவ்வளவு இறங்குகிறது, பத்தாம் நாள் எவ்வளவு, வரப்பில் எவ்வளவு, வாய்க்கால் கரையில் எவ்வளவு என்று 212 இடங்களில் அளந்து கொடுத்தேன். அதை வைத்து என் வயலையே திரையில் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆனால் பயிர் சரியில்லை.

"இது கோரைம்மா. மாடுகூட மோந்து பார்த்துட்டுப் போயிடும்" என்றேன் மலரிடம்.

படம் வரைகிற என்ஜினீயர் சதீஷ் தலையைத் திருப்பினார். "ஐயா, டாங்கி ஏறி நசுக்கப் போற பயிர்தானே? எதுவா இருந்தா என்னங்க?"

அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரை வயலுக்கே கூட்டிக்கொண்டு போனேன். குத்துக்கு எத்தனை தூர், கதிர் எந்தப் பக்கம் தலை சாய்க்கும், காற்று வந்தால் முதலில் எது அசையும் என்று ஆறு வாரம் அவர் உயிரை எடுத்தேன். மனிதர் கடைசியில் கதிரில் பால் கட்டும் பருவத்துக் குறுவை நெல்லைத் திரையில் நிறுத்திவிட்டார். உண்மையைச் சொன்னால் என் வயலைவிட நன்றாக விளைந்திருந்தது. போதும் என்று நான் விட்டிருக்க வேண்டிய இடம் கோரைதான். கோரை மேல் நான் டாங்கியை ஏற்றியிருப்பேன்.

அன்று மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பெரியவர் ஒரு மேஜர், மதுரைப் பக்கத்துக்காரர். கம்பெனியில் சோதனை ஓட்டத்துக்கென்று இருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினார். ஒரு குறை இல்லை. மலரின் முகத்தில் பாதி வேலை முடிந்த நிம்மதி. அப்போது மேஜர், "இவர் பழகினவரு. ஒண்ணும் தெரியாத ஆளு உக்காந்தா இது எப்படிச் சொல்லிக்குடுக்குதுன்னு பார்க்கணுமே" என்றார். அறையைச் சுற்றி வந்த அவர் கண், மூலை நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்த என் மேல் நின்றது.

"ஐயா யாரு?"

"எங்கப்பா சார். நிலத்தோட அளவெல்லாம் அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க."

"என்ன வண்டி ஓட்டுவீங்க ஐயா?"

"டிராக்டர் ஓட்டுவேங்க."

"அது போதும். வாங்க."

மலர் என் காதருகே வந்தாள். "அப்பா, தூரத்துல மஞ்சக் கொடி தெரியும். நேரா அங்க கொண்டுபோய் நிறுத்துங்க. எட்டு நிமிஷம். வேற எதையும் யோசிக்காதீங்கப்பா, ப்ளீஸ்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஐந்து படி ஏறி உட்கார்ந்தேன். பெல்ட் மாட்டினார்கள், காதில் ஹெட்போன் வைத்தார்கள். மண் சாலையில் நன்றாகத்தான் ஓட்டினேன். எங்கே மெதுவாகப் போக வேண்டும், எந்தக் கைப்பிடியை இழுக்க வேண்டும் என்று கருவியே அழகாகச் சொல்லிக்கொடுத்தது. மூன்று நிமிடத்தில் வயல் வந்தது. நிறுத்தினேன்.

காதில் மேஜர் குரல். "ஏன் ஐயா நின்னுட்டீங்க?"

"பயிர் நிக்குதுங்க."

"தெரியுது. நேரா ஏத்துங்க."

"பால் கட்டுற நேரங்க. இன்னும் இருபத்தஞ்சு நாள்ல அறுப்பு."

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"ஐயா, அது படம்."

"படம்னு தெரியுதுங்க சார்." (வரைந்தவரையே தெரியும்.) "சுத்துவழி ஒண்ணு இருக்கு. வாய்க்கா கரை மேல போயிடலாம்."

"அப்பா!" இது மலர். "ஏத்துங்கப்பா. காலை அழுத்துங்க. அவ்வளவுதான்."

அழுத்தத்தான் பார்த்தேன். மகளின் வேலை, பதினோரு பேரின் ஆபீஸ், யாழினியின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த வலது காலுக்குத் தெரியும். அது அழுத்தவில்லை. கையோ கரைப் பக்கம் திருப்பிவிட்டது.

கரை மேலே இரண்டரை மீட்டர் அகலம். நானே அளந்தது. டாங்கி மூன்றரை மீட்டர். டிராக்டர் போகிற கரைதானே என்று நாற்பது டன்னை அதில் ஏற்றினேன். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்காக ஊர்க்காரர்களோடு சண்டை போட்ட சர்வேயர் நான். நான் கொடுத்த கம்பிக் கணக்குப்படியே கரை உடைந்தது. கூண்டு இடது பக்கம் சரிந்தது, இருக்கைக்குக் கீழே பெருஞ்சத்தம். திரையில் வாய்க்கால் தண்ணீர் உடைப்பு வழியாக வயலுக்குள் பாய்ந்தது. முதல் வரிசைப் பயிர் சாய்ந்தது. (சதீஷ் அதையும் வரைந்து வைத்திருந்தார்.)

அதற்குப் பிறகு நான் செய்ததை எங்கள் பக்கத்தில் யாரும் செய்வார்கள். பெல்ட்டை அவிழ்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். கதவைத் திறந்து, உடைப்பை அடைக்க இறங்கினேன்.

கீழே சேறு இல்லை. சிமெண்டுத் தரை இருந்தது.

அபாயச் சங்கு ஊதியது. ஆறு கால்களும் அப்படியே நின்றன. முதலில் ஓடிவந்து என்னைத் தூக்கியவர் மேஜர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னதாக எல்லோரும் சொல்வது இது: "பயப்படாதீங்க சார். நாலு கூடை மண்ணு போட்டா நின்னுடும்."

மேஜர் சிரிக்கவில்லை. திறந்திருந்த கதவையே பார்த்தார்.

"ஓடிக்கிட்டிருக்கும்போது இது எப்படித் திறந்துச்சு?"

கால்கள் அசையும்போது கதவு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டை அடுத்த வாரம் பொருத்துவதாக இருந்தார்கள். அதுவரை பழகிய ஹவில்தாரே ஓட்டியதால் அந்தக் கதவை யாரும் பாதியில் தொட்டதில்லை. மலர் தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்சில் ஏற்றும்போது மேஜர் குனிந்து, "நீங்க இறங்காம இருந்திருந்தா நாளைக்கு எங்க ஆளு ஒருத்தன் இறங்கியிருப்பான் ஐயா" என்றார். நல்ல மனிதர். அந்த வார்த்தை எனக்கு உதவவில்லை.

அன்றைக்குச் சரி கிடைக்கவில்லை. மறுசோதனை மூன்று மாதம் கழித்து ஹைதராபாத்தில் நடந்தது. பூட்டோடு போன கருவி அங்கே தேறியது. தேறிய கருவி திரும்பி வரவில்லை, ஆபீஸும் இங்கே இல்லாமல் போனது. டிசம்பரில் மகள் வீட்டுச் சாமான் நாற்பத்துமூன்று பெட்டிகளாக லாரியில் ஏறியது. "கூட வாங்கப்பா" என்றாள். சம்பா நட்டிருந்தேன், பிறகு பார்க்கலாம் என்றேன். என்னால்தானே என்று இரண்டு முறை கேட்டேன். "கதவுப்பா, நீங்க இல்ல" என்று இரண்டு முறையும் சொன்னாள். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. இப்போது ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவினால் ஊரில் என் பழைய வீட்டில் பாத்திர வேலை முடிந்துவிடுகிறது.

சதீஷ் போன பொங்கலுக்குப் பேசினார். மேஜர் கேட்டுக்கொண்டதால் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்களாம். பாடம் முடிந்ததும் எத்தனை சென்ட் பயிர் நசுங்கியது என்று திரையில் காட்டும், அதற்கு மதிப்பெண் குறையும். சுற்றிப் போக வழி இருந்தால் டிரைவர்கள் சுற்றித்தான் போகிறார்களாம். "கரை மேல யாரும் ஏறுறதில்லைங்க" என்றார்.

ஹைதராபாத் வீட்டில் பால் பொங்கினாலும், குழாய் ஒழுகினாலும், மருமகன் வங்கியில் கணக்கு இடித்தாலும் யாழினி எனக்குப் போன் போடுகிறாள். "தாத்தா, நாலு கூடை மண்ணு போட்டா நின்னுடுமா?" பின்னால் மலர் சிரிப்பது கேட்கும். நானும் சிரித்துவிட்டு, அடுத்த ரயில் என்றைக்கு என்று பார்ப்பேன்.

எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து 6,260 ரூபாய். ஹைதராபாத்துக்கு இதுவரை ஏழு முறை போய் வந்த டிக்கெட் 25,200. திரையில் இருந்த பயிருக்காக ஆக மொத்தம் 31,460 ரூபாய்.